முதல் வணக்கத்துக்கு ஒரு டாலர்

நான் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை என் காசுத் தொகுப்பிலிருந்து ஒன்றை வகுப்புக்கு எடுத்துப்போவேன். ஒருமுறை ஒரு புரூஃப் வெள்ளி டாலர். கடையில் கொடுத்து வாங்குவதற்காக அடித்த காசு அல்ல அது. அச்சைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, நிதானமாக, பலமாக அழுத்தி, சேகரிப்பவர்களுக்கென்றே நாணயச்சாலை செய்து கொடுத்தது. அதில் முகம் பார்க்கலாம். பின்வரிசையில் இருந்த டுவேன் கோலர் எழுந்தான்.

"சார், இதை யாராவது தெரியாம செலவு பண்ணி, பத்துப் பேர் பாக்கெட்டுல கிடந்து கீறல் விழுந்துட்டா, அப்புறமும் இது புரூஃப்தானா?"

"ஆமாம், புரூஃப் என்பது காசு பிறந்த விதம், இப்போது இருக்கும் நிலை அல்ல" என்றேன். புத்தகத்தில் படித்த பதில். அது உண்மைதானா என்று எனக்கே தெரியவந்தது பதினெட்டு வருடம் கழித்து, கீழே உள்ள கடிதங்களால். நானும் என் தங்கை லிபியும் எழுதிக்கொண்டவை, வேறு இரண்டு பேர் எழுதியதும் சேர்த்து, தேதிப்படி வைத்திருக்கிறேன்.

*

டகோமா, வாஷிங்டன்
3 ஏப்ரல் 1988

அன்புள்ள லூமிர் அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கண் எப்படி இருக்கிறது? புரை எடுக்கும் நாள் குறித்தாயிற்றா? அண்ணியின் முட்டிவலி பரவாயில்லையா?

ஒரு சந்தோஷச் செய்தி. நம் ரோக்சேன் மே 14 அன்று ராணுவ அதிகாரி ஆகிறாள். என் மகள், உன் மருமகள், தோளில் பித்தளைப் பட்டை! அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே, உனக்குத் தெரிந்திருக்கும், நீயும் கொரியாவில் இருந்தவன். புது அதிகாரிக்கு முதன்முதலில் வணக்கம் வைக்கிற சிப்பாய்க்கு, அந்த அதிகாரி ஒரு வெள்ளி டாலர் தர வேண்டும். வங்கியில் கிடைக்கிற இந்தக் காலத்து டாலர் ஆகாதாம், அசல் வெள்ளியாக இருக்க வேண்டுமாம். ரோக்சேன் சொல்கிறாள்: "மாமா வீட்டுல டாலர் மூட்டையா கிடக்கு. கடையில வாங்கினா அவர் மூஞ்சியில முழிக்க முடியாது." ஒன்று அனுப்பு.

அண்ணிக்கு என் முத்தங்கள்.
லிபி

*

வில்பர், நெப்ராஸ்கா
24 ஏப்ரல் 1988

அன்பு லிபிக்கு ஆர்டிஸ் எழுதுவது.

நீ, ரோக்சேன், எல்லோரும் சுகம்தானே. உன் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் எப்போதும் இருக்கிற மங்கல். படிக்கக் கூடாது, குனியக் கூடாது, காசுப் பெட்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்றாவதுதான் அவருக்குப் பெரிய தண்டனை.

டாலர் இத்துடன் இருக்கிறது. "பரிசு கொடுக்கறதுக்குன்னு சின்னப் பெட்டி வெச்சிருக்கேன், 1921ன்னு சீட்டு ஒட்டியிருக்கும், எதையாவது ஒண்ணை எடுத்து அனுப்பு" என்றார். ஆறு இருந்தன. ஐந்து பழைய ஸ்பூன்போல மங்கிக் கிடந்தன. ஒன்றில் மட்டும் என் மூக்கு தெரிந்தது. குழந்தைக்கு ஆயுளில் ஒரு நாள், மங்கலையா கொடுப்பது? மூக்கு தெரிந்ததையே எடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை, நல்லதைக் கொடுத்தாயே என்று முனகுவார்.

கசகசா வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டி ஒரு டப்பா தனியாக வருகிறது. பிள்ளையைக் கட்டிக்கொண்டதாகச் சொல்.
ஆர்டிஸ்

*

டகோமா
16 மே 1988

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நலம், நலமே விழைகிறேன். கட்டு அவிழ்த்தார்களா?

ரோக்சேன் மேடையில் ஏறினதும் நான் அழ ஆரம்பித்தேன், இறங்குகிறவரை நிறுத்தவில்லை. வெளியே புல்தரையில் முதல் வணக்கம். அவளுக்கு ஐந்து வருடம் பயிற்சி கொடுத்த சார்ஜெண்ட் அமோஸ் டில்லர்ட் காத்திருந்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர்தான், என் சமையலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடும் ஒரே மனிதர். விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார். இவள் பதில் வணக்கம் வைத்து, கைகுலுக்கினாள். காசு அப்படித்தான் கை மாற வேண்டுமாம், உள்ளங்கையிலிருந்து உள்ளங்கைக்கு.

அவர் விரித்துப் பார்த்துவிட்டு, "லெப்டினன்ட், இதுல நான் ஷேவ் பண்ணிக்கலாம் போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கேட்டேன், இதை என்ன செய்வீர்கள் என்று. "விக்கக் கூடாது, செலவு பண்ணக் கூடாது, குடுத்தவங்க திருப்பிக் கேக்கவும் கூடாதும்மா. கேட்டா அந்த வணக்கமே செல்லாதுன்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு லாரிச் சாவிக் கொத்தோடு பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அண்ணி, நீங்கள் பொறுக்கி எடுத்த காசைத்தான் இரண்டு நாளாக எல்லோரும் பேசுகிறார்கள். ரோக்சேனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இருவருக்கும் நிறைய அன்பு.
லிபி

*

வில்பர்
20 ஜூன் 1988

லிபி,

சார்ஜெண்ட் டில்லர்டிடம் இருக்கும் டாலரில் போட்டிருக்கும் வருடம் என்ன? பின்பக்கம் கழுகின் வாலுக்குக் கீழே பொடியாக ஏதாவது எழுத்து இருக்கிறதா, இல்லையா? பார்க்கும்போது விளிம்பை மட்டும் பிடிக்கவும். முகத்தைத் தொட வேண்டாம். துணியால் துடைக்கவும் வேண்டாம். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

லூமிர்

*

டகோமா
5 ஜூலை 1988

அன்புள்ள அண்ணா,

நான் நலம். என் இடுப்புவலியும் நலம், நீ கேட்காததால் நானே சொல்கிறேன். நாற்பது வருடமாக முதல் வரியில் என் உடம்பைக் கேட்கிறவன் நீ. இந்த முறை கழுகின் வாலைக் கேட்டிருக்கிறாய்.

நேற்று ஜூலை நாலு, சுதந்திர தினம், எங்கள் தோட்டத்தில் விருந்து. டில்லர்டிடம் காசைக் கேட்டேன். அவர் எடுப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பசங்கள் வாங்கி மேசையில் பம்பரம் விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கடித்துப் பார்த்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது. கடுகுச் சாறு கொஞ்சம் பட்டது, நீ துடைக்காதே என்றதால் துடைக்கவில்லை. டில்லர்ட் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார். வருடம் 1895. வாலுக்குக் கீழே எழுத்து எதுவும் இல்லை.

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த மாதம் பட்டறையில் ஓட்டை போட்டு, லாரிச் சாவியில் கோர்க்கப் போகிறாராம். "பாக்கெட்டுல இருந்தா தொலைஞ்சுடும்மா, சாவியோட இருந்தா தினமும் கையில இருக்கும்" என்கிறார்.

எதற்குக் கேட்டாய்? அண்ணிக்கு என் அன்பு.
லிபி

*

(எழுதி, அனுப்பாமல் வைத்தது)
வில்பர்
12 ஜூலை 1988

அன்புள்ள லிபி,

நீ நலமாக இருக்க வேண்டும். உன் இடுப்பை நான் கேட்காமல் விட்டது தவறு.

எழுத்து இல்லை என்றால் அது பிலடெல்பியா நாணயச்சாலைக் காசு. 1895இல் அங்கே செய்த டாலர்களில் இன்று கையில் கிடைப்பவை புரூஃப்கள் மட்டுமே. செய்தது எண்ணூற்று எண்பது. 1878 முதல் 1904 வரை அங்கே செய்தவை வருடத்துக்கு ஒன்றாக இருபத்தேழு குழி உள்ள என் ஆல்பத்தில், நாற்பத்தொரு வருடமாகக் காலியாக இருந்த ஒரே குழி அது. போன நவம்பரில் என் தங்கக் காசுகள் அத்தனையும் கொடுத்து, படகையும் விற்று, அதை வாங்கினேன். ஆர்டிஸிடம் மீன் பிடிப்பது அலுத்துவிட்டது என்று சொன்னேன்.

அப்போது எங்கள் சங்கத்தில் ஒருவர் வீட்டில் திருடு போயிருந்தது. திருடன் ஆல்பத்தைத்தான் முதலில் எடுப்பான், விலை உயர்ந்ததை மலிவான சீட்டு ஒட்டி மலிவானவற்றோடு போட்டு வையுங்கள் என்றார்கள். நானும் 1921 என்று சீட்டு ஒட்டிப் பரிசுப் பெட்டியில் போட்டேன். அதற்கு எந்தத் திருடனும் வரவில்லை. கண் கட்டோடு படுத்திருந்தவன், அது அதில் இருப்பதையே மறந்து, நானே என் மனைவியை அனுப்பி எடுக்கச் சொன்னேன்.

புதுக் கண்ணோடு ஆல்பத்தையும் அந்தப் பெட்டியையும் திறந்து உட்கார்ந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. தொலைபேசி சமையலறையில் இருக்கிறது, பேசினால் ஆர்டிஸ் காதில் விழும். தான் பொறுக்கி எடுத்த காசைத்தான் ஊரே பேசுகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். ரோக்சேனின் வணக்கம் வேறு இருக்கிறது. இதைத் திருப்பிக் கேட்டுத் தா என்று உன்னிடம் எப்படி

*

வில்பர்
14 ஜூலை 1988

அன்புள்ள லிபி,

நான் நலம். உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? ரோக்சேனுக்கு என் ஆசீர்வாதம்.

சார்ஜெண்ட் காசில் ஓட்டை போட வேண்டாம் என்று சொல். காசில் இருக்கும் அந்த அம்மணியின் முகத்தில் ஓட்டை நன்றாக இருக்காது. இத்துடன் ஒரு வட்டக் கண்ணாடி டப்பா அனுப்புகிறேன், காசு அளவுக்குச் சரியாகப் பொருந்தும். டப்பாவின் வாய் வளையத்தில் சாவியைக் கோர்த்துக்கொள்ளலாம். அவருக்கு என் அன்பளிப்பு. தினமும் கையில் இருக்கட்டும், விரல் மட்டும் பட வேண்டாம்.

வேறொன்றும் விசேஷம் இல்லை.
லூமிர்

*

டகோமா
9 அக்டோபர் 1988

அன்புள்ள அண்ணா,

மூன்று மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன், கோபிக்காதே. எல்லோரும் நலம். நீ இந்த இடைவெளியில் ஏழு கடிதம் போட்டாய். ஏழிலும் என் இடுப்பை முறையாக விசாரித்தாய், ஏழிலும் கடைசி வரி "சார்ஜெண்ட் நலமா?" என்பதுதான்.

சார்ஜெண்ட் நலம். பயிற்சி முகாமுக்குப் போய் செப்டம்பரில் திரும்பினார். டப்பாவைக் கொடுத்தேன். காசை உள்ளே வைத்து மூடினார், கனகச்சிதமாக உட்கார்ந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, ஒரு சாதா டாலருக்கு இப்படி டப்பா செய்யறவங்க யாரு?" என்றார். என் அண்ணன் ஒருமாதிரி என்றேன். "உங்க அண்ணன் பட்டாளத்துல இருந்தாரா?" என்று கேட்டார். கொரியாவில் லாரி ஓட்டினார், கார்ப்பரலாக வெளியே வந்தார், அதிகாரி ஆகவில்லை என்றேன். இன்னும் கொஞ்சம் பேசினோம், அது உனக்கு வேண்டாம்.

ஓட்டை போடவில்லை. இப்போதைக்கு அதுதான் செய்தி. இன்னொன்று, அவரை அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். முடித்தால் மே மாதம் அவர் தோளிலும் பட்டை.

ரோக்சேன் ஜெர்மனி போய்ச் சேர்ந்து, உனக்கு ஒரு வாழ்த்து அட்டை போட்டிருக்கிறாளாம்.
அன்புடன்,
லிபி

*

டகோமா
19 பிப்ரவரி 1989

மதிப்புக்குரிய கார்ப்பரல் பெனேஷ் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாம் சந்தித்ததில்லை. உங்கள் டப்பா என் சாவியில் இருக்கிறது, அதனால் உங்களை அறிமுகமானவராகவே நினைக்கிறேன்.

மே 6 சனிக்கிழமை நான் அதிகாரி ஆகிறேன். முதல் வணக்கத்துக்கு ஆளை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் அப்பா இல்லை, தம்பி கப்பற்படையில் கடலில் இருக்கிறான். சிப்பாய்களின் வரிசையில் நின்று வெளியேறிய ஒருவரிடமிருந்து அதை வாங்க ஆசைப்படுகிறேன். நீங்கள் வந்து வைக்க முடியுமா? சீருடை வேண்டாம், நல்ல கோட்டு போதும். தங்குவதற்கு உங்கள் தங்கையார் வீடு இருக்கிறது. அவர் சமையலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மரியாதையுடன்,
அமோஸ் டில்லர்ட், சார்ஜெண்ட்

*

வில்பர்
1 மார்ச் 1989

அன்புள்ள சார்ஜெண்ட் டில்லர்ட்,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், ஆர்டிஸ் இரண்டு முறை படித்தாள், கோட்டைச் சலவைக்குக் கொடுத்துவிட்டாள். வருகிறேன். முப்பத்தாறு வருடமாக யாருக்கும் வணக்கம் வைத்ததில்லை. சமையலறையில் ஐஸ் பெட்டிக்கு வைத்துப் பழகுகிறேன். முழங்கை கொஞ்சம் கீழே இருப்பதாக ஆர்டிஸ் சொல்கிறாள்.

ஒரே ஒரு நிபந்தனை. எனக்குத் தரும் டாலர் சாதாரணமானதாக இருக்க வேண்டும். 1921 போதும். உங்களிடம் இல்லையென்றால் நானே ஒன்று எடுத்துவருகிறேன், அதை என்னிடமே கொடுங்கள். ரோக்சேன் கொடுத்தது உங்களுடையது. அது உங்கள் சாவியிலேயே இருக்கட்டும். இதை மனதாரச் சொல்கிறேன்.

அன்புடன்,
லூமிர் பெனேஷ்

*

வில்பர்
14 மே 1989

அன்புள்ள லிபி,

ஊர் வந்து சேர்ந்தோம். ஆர்டிஸின் முட்டி ரயிலில் நன்றாக இருந்தது, வீட்டுப் படி ஏறியதும் வலிக்கிறது. உன் இடுப்பு எப்படி? நடந்ததெல்லாம் உன் கண்முன்தான் நடந்தது, ஆனாலும் உனக்குத் தெரியாதது கொஞ்சம் இருக்கிறது.

நான் வணக்கம் வைத்தேன். முழங்கை சரியான உயரத்தில் இருந்தது என்று நீ சொன்னாய், நன்றி. அவர் பதில் வணக்கம் வைத்துக் கையை நீட்டினார். என் கோட்டுப் பையில் 1921 டாலர் ஒன்று இருந்தது. அதை அவரிடம் முன்பே கொடுக்கப் பார்த்தேன், "அப்புறம் ஐயா, அப்புறம்" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். கைகுலுக்கியபோது உள்ளங்கையில் ஒரு விளிம்பு பட்டது. சாதாக் காசின் விளிம்பு மழுங்கியிருக்கும், புரூஃபின் விளிம்பு பெட்டி ஓரம்போல் சதுரமாக இருக்கும். நான் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

கையை விடாமல் அவர் காதோரம் சொன்னார்: "திருப்பிக் கேக்கக் கூடாது, திருப்பிக் குடுக்கவும் கூடாது ஐயா. ஆனா வணக்கத்துக்குக் குடுக்கலாம். இனிமே நீங்களும் இதை வேண்டாம்னு சொல்ல முடியாது, சொன்னா என் பதவி செல்லாது."

என் பையிலிருந்த 1921ஐ அவர் சாவி டப்பாவில் போட்டேன். பொருத்தமாக உட்கார்ந்தது.

இப்போது நீ சொல். எப்போது கண்டுபிடித்தாய்?

அன்புடன்,
லூமிர்

*

டகோமா
22 மே 1989

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். லெப்டினன்ட் டில்லர்ட் நேற்று சாப்பிட வந்தார், மூன்றாம் முறையும் கேட்டு வாங்கினார்.

எப்போது என்றா கேட்கிறாய்? நீ என் உடம்பைக் கேட்காத அன்றைக்கே. அதுவரை அப்பா செத்த தந்தியில்கூட நீ என் உடம்பைக் கேட்டாய். கழுகின் வாலுக்காக அதை மறந்தாய் என்றால் அந்த வாலில் என் அண்ணனின் உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. ஜூலையில் நூலகத்துக்குப் போய்க் காசுப் புத்தகத்தைப் புரட்டினேன். செப்டம்பரில் டில்லர்ட் கேட்டபோது ஒரே வரியில் சொன்னேன். அவர் அன்றே காசைக் கழற்றி உன்னிடம் அனுப்பியிருப்பார், நான்தான் நிறுத்தினேன். "அப்படி வந்தா அவன் வாங்க மாட்டான், தம்பி. மரியாதையோட வந்தாத்தான் வாங்குவான்" என்றேன். அதற்குத்தான் மே மாதம்வரை காத்திருந்தோம்.

சரி, குழியில் வைத்தாயா இல்லையா? அண்ணி என்ன சொன்னார்? உடனே எழுது. இடுப்பை விசாரிக்க மறந்தாலும் பரவாயில்லை.

லிபி

*

வில்பர்
30 மே 1989

அன்புள்ள லிபி,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது?

வைத்தேன். சன்னலோரம் மேசை போட்டு, ஆல்பத்தைத் திறந்து, பார்த்தேன். அம்மணியின் கன்னத்தில் சாவிக் கீறல் ஒன்று. கழுகின் நெஞ்சில் பம்பரம் விட்ட தடம். ஓரத்தில் கடுகு நிறத்தில் லேசான கறை, அது உன் தோட்டம். காசைச் சாய்த்ததும் நடுவில் என் முகம் தெரிந்தது. டுவேன் கோலருக்கு நான் சொன்ன பதில் சரிதான். கோலர் இப்போது எங்கள் தபால்காரன். நாளை கடிதம் கொண்டுவரும்போது அவனுக்குக் காட்டப் போகிறேன்.

ஆர்டிஸ் பின்னால் வந்து நின்றாள். குனிந்து பார்த்தாள்.

"இது நான் பொறுக்கினதுதானே? என் மூக்கு இன்னும் தெரியுது."

ஆமாம் என்றேன். ஆல்பத்தில் இருபத்தேழும் நிறைந்திருப்பதை விரலால் எண்ணினாள், எதையும் தொடாமல், விளிம்பு விளிம்பாக.

"படகை வித்தது இதுக்குத்தானா?"

ஆமாம் என்றேன்.

"மீன் பிடிக்க அலுத்துப்போச்சுன்னு சொன்னீங்களே?"

இல்லை, அலுக்கவில்லை என்றேன். என் தோளில் ஒரு அடி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். போகிற வழியில் சத்தமாகச் சிரித்தாள், லிபி. சனிக்கிழமை அவளுடைய அண்ணன் படகை இரவல் வாங்கி ஏரிக்குப் போகிறோம்.

ரோக்சேனுக்கு இதில் ஒன்றும் தெரிய வேண்டாம். அவள் கொடுத்தது உலகத்திலேயே நல்ல டாலர் என்று நினைக்கிறாள். அது சரிதானே.

என்றும் உன்,
லூமிர் அண்ணன்

*

கடிதங்கள் இவ்வளவுதான். உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. நாளைக்கு யாருக்காவது ஒரு காசு கொடுக்கும்போது, விளிம்பில் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, அதில் உங்கள் மூக்கு தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.